முதல் டர்ன்டேபிள்: குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் கருவியான டர்ன்டேபிளை வாங்க நினைப்பவர் கடைக்கோ இணையத்துக்கோ போவதற்கு முன்னால் தம்மிடம் இருக்கும் இசைத்தட்டுகளையும் இனிமேல் வாங்க விரும்பும் தட்டுகளையும் ஒருமுறை உட்கார்ந்து தரம் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். எந்தக் கருவி வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். மீதி விடை, ஊசியும் அதைத் தாங்கும் கையும் எப்படிப்பட்டவை என்பதில் இருக்கிறது. பெட்டியின் நிறம், புளூடூத், யு.எஸ்.பி. போன்ற மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

உங்கள் தட்டுகள் எந்த வகை?

இன்று புதிதாக அச்சிடப்படும் தட்டுகளில் பெரும்பாலானவை 12 அங்குல எல்.பி. தட்டுகள். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய அதே அளவில், அதே வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம், இவை இன்றும் சுழல்கின்றன. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 7 அங்குலத் தட்டை 45 சுற்று வேகத்தில் கொண்டுவந்தது. தமிழ்த் திரைப்பாடல்களைப் பழைய தட்டுகளாகத் தேடுபவர்கள் கையில் அதிகம் அகப்படுவது இந்த 7 அங்குல அளவில் வந்த ஈ.பி. தட்டுகள்தான், பக்கத்துக்கு இரண்டாக ஒரு படத்தின் நான்கு பாடல்கள் அதில் இருக்கும். எல்.பி.யும் ஈ.பி.யும் வினைல் என்னும் நெகிழியால் ஆனவை. இரண்டுக்கும் ஒரே ஊசி போதும். சந்தையில் உள்ள ஏறக்குறைய எல்லா டர்ன்டேபிள்களும் இந்த இரண்டு வேகங்களையும் தரும் என்பதால், உங்கள் சேகரிப்பு இவற்றோடு நின்றுவிடுமானால் தேர்வு எளிது.

சிக்கல் தருவது 78 சுற்றுத் தட்டுகள். தாத்தா வீட்டுப் பரணில் இருந்து இறங்கும் கனமான, விழுந்தால் ஓடுபோல உடையும் 10 அங்குலத் தட்டு பெரும்பாலும் அரக்கு கலந்த 78ஆகவே இருக்கும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும் ஒரு பாட்டுத்தான் அடங்கும். மேலை நாடுகள் 78ஐக் கைவிட்ட பிறகும் இந்தியாவில் அது நெடுநாள் நீடித்தது. 1960களில் பீட்டில்ஸ் குழுவின் பாடல்களைக்கூட இங்கே 78 தட்டுகளாக அச்சிட்டார்கள், இன்று உலகச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். இந்தத் தட்டுகளின் பள்ளம் அகலமானது. எல்.பி.க்கான கூம்பு ஊசியின் முனை ஆரம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. 78க்கு அதைப்போல நான்கு மடங்கு பருமனான முனை வேண்டும். எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கை வாரிக்கொண்டு இரைச்சலைத்தான் தரும். ஆகவே 78 கேட்க வேண்டுமானால் மூன்று வேகம் உள்ள கருவியும், மாற்றிப் பொருத்தத்தக்க தனி ஊசியும் தேவை. வீட்டில் நான்கைந்து 78 தட்டுகள் மட்டும் இருக்கின்றன என்பதற்காக இந்தச் செலவை ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அவற்றை முறையான கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துக் கணினியில் பதிவுசெய்து வாங்கிக்கொள்வது மேல்.

பித்தளைக் குழல் வைத்த, கைப்பிடியால் சாவி கொடுக்கும் கிராமபோனை அலங்காரத்துக்காக வாங்கி, அதில் எல்.பி.யைப் போட்டுப் பார்க்கும் எண்ணம் சிலருக்கு வருகிறது. அதைச் செய்யவே கூடாது. அதன் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கு மேல் எடையோடு ஓர் இரும்பு ஊசியைத் தட்டின்மேல் அழுத்துகிறது. 78 தட்டுகளுக்கே பக்கத்துக்கு ஓர் ஊசி என்று மாற்றவேண்டிய ஏற்பாடு அது. வினைல் தட்டு ஒரே தடவையில் பாழாகிவிடும்.

ஊசி என்ன வேலை செய்கிறது?

விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பது விளங்க வேண்டுமானால் இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருளும் ஒரே ஒரு பள்ளம். இருபத்திரண்டு நிமிடம் ஓடும் எல்.பி. பக்கத்தில் அதை நீட்டினால் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் வரும். அந்தப் பள்ளத்தின் இரு சுவர்களிலும் இடது, வலது ஒலிகள் நெளிவுகளாக வெட்டப்பட்டிருக்கின்றன. வைர முனை அந்த நெளிவுகளைத் தொடர்ந்து அதிர, அதன் மறுமுனையில் உள்ள நுண்ணிய காந்தம் கம்பிச்சுருள்களுக்கிடையே ஆடி மின்சாரத்தை உண்டாக்குகிறது. இந்த அமைப்பு உள்ள சிறு பகுதிதான் கார்ட்ரிட்ஜ். காந்தம் அசைவதால் இதை மூவிங் மேக்னட் வகை என்கிறார்கள். இதற்கு ஏறக்குறைய 2 கிராம் அழுத்தம் போதும். எளிய மாடல்களில் 3 கிராம் வரை இருக்கும்.

சூட்கேஸ் வடிவில் வரும் மிக மலிவான கருவிகளில் பெரும்பாலும் செராமிக் வகைக் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. அது அதிக மின்னழுத்தத்தைத் தருவதால் உள்ளே செலவு பிடிக்கும் மின்சுற்று எதுவும் வேண்டியதில்லை. அதுதான் மலிவுக்குக் காரணம். ஆனால் அதன் ஊசி விறைப்பானது. பள்ளத்தில் நிற்பதற்கு 5 கிராமை ஒட்டிய அழுத்தம் தேவைப்படுகிறது. ஊசியைத் தாங்கும் கைக்குப் பின்னால் அதைச் சமன்செய்யும் எதிர்எடை கிடையாது, அழுத்தத்தைச் சரிசெய்ய வழி கிடையாது. ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால் பாட்டின் அதிர்வு ஊசிக்கே திரும்பிப் போகிறது. ஒருமுறை போட்டாலே தட்டு நாசமாகிவிடும் என்று சிலர் அச்சுறுத்துவது மிகைதான். ஆனாலும் மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு தட்டை நாள்தோறும் அதில் ஓட்டினால் தேய்மானம் விரைவில் காதுக்குத் தெரிந்துவிடும். தாள நடை பலமாக உள்ள பாட்டில் ஊசி தாவும். இதற்குச் செலவழிக்கும் பணத்தைச் சில மாதம் சேர்த்துவைத்து அடுத்த படிக்குப் போவது நல்லது.

டர்ன்டேபிளுக்கு மட்டும் பணம் ஒதுக்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது. டர்ன்டேபிள் தன்னால் பாடாது. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்குதான்; அதை நூறு மடங்கு பெருக்கினால்தான் சாதாரண ஆம்ப்ளிஃபையர் ஏற்கும் அளவுக்கு வரும். பெருக்கினால் மட்டும் போதாது. தட்டை வெட்டும்போது கீழ்ச்சுருதி ஒலிகளைக் குறைத்தும் மேல்சுருதி ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். இல்லையென்றால் முரசொலியின் நெளிவு பக்கத்துப் பள்ளத்துக்குள் புகுந்துவிடும், மெல்லிய ஒலிகள் தட்டின் உராய்வுச் சத்தத்தில் அமுங்கிவிடும். 1954 முதல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவுகோல் இதற்கு உண்டு. கேட்கும்போது அந்தக் கூட்டல் கழித்தலைத் தலைகீழாகச் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பெருக்குவது, சரிசெய்வது ஆகிய இரண்டு வேலைகளையும் செய்வது போனோ ப்ரீஆம்ப்.

அது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கலாம்: டர்ன்டேபிளுக்கு உள்ளேயே, ஆம்ப்ளிஃபையரில் ‘போனோ’ என்று எழுதிய துளைக்குப் பின்னால், அல்லது தனியாக ஒரு சிறு பெட்டியாக. மூன்றில் ஏதேனும் ஒன்று கட்டாயம் வேண்டும். ஒன்றுக்கு மேல் கூடாது. பாட்டு எங்கோ தொலைவில், மெலிந்து, அடித்தளமே இல்லாமல் கேட்டால் ப்ரீஆம்ப் இல்லை என்று பொருள். எல்லாம் முழங்கி, சிதறி, காதைப் பிளந்தால் இரண்டு ப்ரீஆம்ப்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. டர்ன்டேபிளின் பின்புறத்தில் உள்ள போனோ–லைன் சுவிட்சை ‘போனோ’ பக்கம் தள்ளினால் சரியாகிவிடும்.

ஆக, கையில் உள்ள மொத்தத் தொகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டர்ன்டேபிளுக்கும் மறுபாதியை ஸ்பீக்கர்களுக்கும் ஒதுக்குங்கள். முதல் முறை வாங்குபவருக்கு ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே அமைந்த ஆக்டிவ் ஸ்பீக்கர் ஒரு ஜோடி போதும். சிவப்பு வெள்ளை ஆர்.சி.ஏ. துளைகள் அதில் இருக்கின்றனவா என்பதை வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏற்கெனவே பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 1980களில் வந்த பலவற்றில் போனோ துளை இருக்கும், ஒரு செலவு மிச்சம். புளூடூத் உள்ள டர்ன்டேபிளை வாங்கி, கைவசம் உள்ள புளூடூத் ஸ்பீக்கரில் கேட்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தொடக்கத்துக்குக் கேட்கலாம், தவறில்லை. ஆனால் பள்ளத்திலிருந்து எடுத்த ஒலியை எண்களாக்கிச் சுருக்கி அனுப்புகிற அந்த வசதிக்காகக் கூடுதலாகப் பணம் கொடுப்பதைவிட அதே பணத்தை நல்ல ஊசிக்குக் கொடுப்பது பயன் தரும்.

பெல்ட்டா, நேரடி மோட்டாரா? தானியங்கியா, கையால் இயக்குவதா?

பெல்ட் வகையில் மோட்டார் ஓரமாக இருந்து ரப்பர்ப் பட்டையால் தட்டுமேடையைச் சுற்றுகிறது. மோட்டாரின் அதிர்வைப் பட்டை விழுங்கிக்கொள்ளும், ஆனால் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். நேரடி வகையில் மேடையே மோட்டாரின் அச்சில் அமர்ந்திருக்கிறது. 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 இதற்குப் பெயர்போனது. வேகம் உறுதியாக இருக்கும், உடனே சுழலத் தொடங்கும், மாற்றுவதற்குப் பட்டை இல்லை. இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதம் ஐம்பது ஆண்டுகளாக நடக்கிறது. இந்த விலைப் பிரிவில் அதற்கு முடிவு தேட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது வேகத்தின் சீர்மை. விவரக் குறிப்பில் ‘வாவ் அண்ட் ஃப்ளட்டர்’ என்ற எண்ணைத் தேடுங்கள், 0.25 விழுக்காட்டுக்குள் இருந்தால் தொடக்க நிலைக் கருவிக்கு ஏற்கத்தக்கது. கர்நாடக இசை கேட்பவர்கள் இதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். மேளமும் கிட்டாரும் நிறைந்த பாட்டில் வேகம் சற்று அலைந்தாலும் தெரியாது. தம்புரா சுருதியிலும் நாகசுரத்தின் நீண்ட கார்வையிலும் அது பட்டென்று காதில் படும்.

தானியங்கி என்பது பொத்தானை அழுத்தினால் கை தானே எழுந்து தட்டின் தொடக்கத்தில் இறங்கி, பக்கம் முடிந்ததும் தானே திரும்பிவிடும் அமைப்பு. கையால் இயக்குவதில் எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும். பக்கம் முடிந்ததைக் கவனிக்காமல் தூங்கிவிட்டால் ஊசி கடைசிப் பள்ளத்தில் விடியும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டில் சிறுவர்களும் வயதானவர்களும் இதைக் கையாளப் போகிறார்கள் என்றால் தானியங்கி வகையையே நான் சொல்வேன். ஒரு குறை உண்டு: இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 12 அங்குலத்துக்கும் 7 அங்குலத்துக்கும் மட்டுமே அமைக்கப்பட்டவை, 10 அங்குலத் தட்டுக்குக் கையை நீங்களே தூக்கி வைக்க வேண்டும்.

எந்தக் கருவி?

குறைந்த விலையில் நம்பி வாங்கத்தக்க கருவி என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது ஆடியோ-டெக்னிக்காவின் ஏ.டி-எல்.பி.60எக்ஸ். முழுத் தானியங்கி, பெல்ட் வகை, 33⅓ மற்றும் 45 வேகங்கள், நிறுத்தவும் இயக்கவும் தக்க ப்ரீஆம்ப் உள்ளே. அழுத்தம் தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டுவிடுவதால் பொருத்துவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. இதன் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது. ஊசியை மட்டும் மாற்றலாம், ஏ.டி.என்.3600எல் என்ற அந்த ஊசி மலிவானது. பின்னாளில் மேம்படுத்த இடமில்லாத கருவி என்று இதைக் குறைகூறுவார்கள். வினைல் நமக்குப் பிடிக்குமா என்பதே இன்னும் தெரியாத ஒருவருக்கு அது ஒரு குறையே அல்ல. சோனியின் பி.எஸ்-எல்.எக்ஸ்.310பி.டி. இதே தரத்தில் புளூடூத்தோடு வரும் மாற்று. இரண்டில் எது சலுகை விலையில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த படியில், ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையில், ஏ.டி-எல்.பி.120எக்ஸ்-யு.எஸ்.பி. இருக்கிறது. நேரடி மோட்டார், எதிர்எடையால் சரிசெய்யத்தக்க கை, 33⅓, 45, 78 என மூன்று வேகங்கள். இதில் வரும் ஏ.டி-வி.எம்.95இ கார்ட்ரிட்ஜின் சிறப்பு என்னவென்றால், அதே உடலில் கூம்பு ஊசி முதல் உயர்தர மைக்ரோலீனியர் ஊசி வரையிலும், 78க்கான தனி ஊசியும் மாறி மாறிப் பொருந்தும். யு.எஸ்.பி. வழியாகத் தட்டைக் கணினியில் பதிந்துகொள்ளவும் முடியும். தாத்தாவின் 78 தட்டுகளும் தங்கள் எல்.பி.களும் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு கருவி போதும். பணம் இருந்தால் நேராக இதற்கே போய்விடலாம் என்பேன்.

ரேகா பிளானர் 1 போன்ற ஐரோப்பியக் கருவிகள் வேறு வழியில் நடப்பவை. எல்லாப் பணத்தையும் கையிலும் அச்சிலும் போட்டுவிட்டு வசதிகளைக் கழற்றிவிடுகிறார்கள்: ப்ரீஆம்ப் கிடையாது, தானியங்கி கிடையாது, 45க்கு மாற்ற மேடையைத் தூக்கிவிட்டுப் பட்டையைக் கையால் இடம் மாற்ற வேண்டும். எல்.பி. மட்டும் கேட்பவருக்கு ஒலி அருமையாக இருக்கும். ஒரு மாலையில் பத்து ஈ.பி. போடுகிறவருக்கு இது தண்டனை. அமெரிக்கர்கள் எழுதும் பரிந்துரைகளில் ஃப்ளூயன்ஸ், யூ-டர்ன் என்ற பெயர்களும் அடிக்கடி வரும்; அவை அங்கே மலிவு, இங்கே தருவித்தால் கப்பல் செலவும் சுங்கமும் சேர்ந்து அந்த மலிவு கரைந்துவிடும், பழுதுபார்க்கவும் வழியிருக்காது.

பழைய கருவி வாங்குவதானால்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஜப்பானில் செய்யப்பட்ட டர்ன்டேபிள்களின் உலோக வேலைப்பாட்டை இன்றைய தொடக்க நிலைக் கருவிகள் எட்டவில்லை என்பது உண்மை. ஆனால் பழையதை வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது கருவியின் முதுகில் உள்ள மின்சாரக் குறிப்பை. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்தது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கானது 100 வோல்ட். நேராக நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் ஹெர்ட்ஸ் குறையாது, கூடாது. சிங்க்ரனஸ் மோட்டார் கொண்ட பழைய கருவிகளின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸையே பின்பற்றும். 60க்குச் செய்தது நம் 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். ஐந்து கட்டையில் பாடியவர் குரல் ஏறக்குறைய மூன்று கட்டைக்கு இறங்கி, சோர்ந்த ஆண்குரல்போல ஒலிக்கும். சில மாடல்களில் மோட்டார் அச்சின் கப்பியை மாற்றி இதைச் சரிசெய்யலாம். கப்பி கிடைக்கும் என்பது உறுதியாகாமல் வாங்க வேண்டாம். அடாப்டரோடு வரும் இன்றைய டி.சி. மோட்டார் கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, விற்பவர் முன்னிலையிலேயே இவற்றைச் செய்து பாருங்கள். கருவியை நிறுத்திவைத்து, மேடையைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். உரசலோ, ஒரு பக்கம் ஏறி இறங்கும் கோணலோ இருக்கக்கூடாது. கையின் தலைப்பகுதியை இரண்டு விரலால் பிடித்து மிக மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள்; மூட்டில் ஆட்டம் தெரிந்தால் அதன் பேரிங் தேய்ந்துவிட்டது, விட்டுவிடுங்கள். கையை விரலால் தட்டின் குறுக்காக நகர்த்தினால் எங்கும் சிக்காமல் போக வேண்டும். தானியங்கி வகையானால் பலமுறை இயக்கிப் பாருங்கள். உள்ளே பூசிய கிரீஸ் நாற்பது ஆண்டில் இறுகிக் கை பாதியில் நின்றுவிடுவது வழக்கமான நோய், சுத்தம் செய்தால் தீரும், ஆனால் விலையில் குறைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு இன்றைக்கு ஊசி விற்கிறதா என்று அங்கேயே கைபேசியில் தேடிவிடுங்கள். விற்பவர் ‘ஊசி நல்லாத்தான் இருக்கு’ என்பார். அவர் சொல்வது எதுவாக இருந்தாலும் புது ஊசிக்கான செலவைச் சேர்த்தே கணக்கிடுங்கள்; எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடியது என்று தெரியாத ஊசியை உங்கள் தட்டில் வைக்காதீர்கள். எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பழைய பெட்டிப் பிளேயர்கள் நினைவுக்காக வைத்துக்கொள்ள அழகானவை; புதுத் தட்டுகளைப் போட ஏற்றவை அல்ல.

வீட்டுக்கு வந்ததும் பொருத்துவது

முதலில் இடம். நம் வீடுகளின் சிமெண்டுத் தளம் இதற்குப் பெரிய வரம்; மரத் தளத்தில் வாழும் வெளிநாட்டவர்போல நடந்தால் ஊசி தாவுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஆடும் மேசையும் இரும்பு பீரோவின் தலையும் வேண்டாம். ஸ்பீக்கரை அதே பலகையில் வைத்தால் ஒலியைக் கூட்டும்போது ‘ஊம்’ என்று ஓர் இரைச்சல் எழுந்து வளரும். குறைந்தது வேறொரு மேசையிலாவது வையுங்கள். சன்னல் வெயில் படவே கூடாது. மேடையின்மேல் ரசமட்டத்தை இரு திசையிலும் வைத்துப் பார்த்து, கால்களுக்கடியில் அட்டை கொடுத்தாவது சமமாக்குங்கள். சாய்ந்திருந்தால் ஊசி பள்ளத்தின் ஒரு சுவரையே அழுத்தும்.

பெல்ட் வகையானால் பட்டை மோட்டார்க் கப்பியில் முறுக்கில்லாமல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பல கருவிகளில் மேடையில் ஒரு துளை இருக்கும். அதன் வழியாகப் பட்டையை இழுத்துக் கப்பியில் கோக்க வேண்டும்.

எதிர்எடை உள்ள கருவியில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இனித்தான். ஊசியின் மூடியைக் கழற்றிவிட்டு, ஆன்டி-ஸ்கேட் திருகை 0இல் வையுங்கள். தூக்கு நெம்புகோலை இறக்கிவிட்டு, கையை மேடைக்கு வெளியே விரலால் தாங்கிப் பிடியுங்கள். பிடியை விட்டுவிடாதீர்கள், இந்த நிலையில்தான் பல ஊசிகள் உடைகின்றன. பின்னால் உள்ள எதிர்எடையை மெல்லத் திருகிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் கை எங்கும் சாயாமல் தராசு முள் போலக் கிடைமட்டமாக மிதக்கும். கையை அப்படியே அதன் தாங்கியில் பூட்டிவிட்டு, எதிர்எடையின் முகப்பில் உள்ள எண் வளையத்தை மட்டும் சுழற்றி 0ஐக் கோட்டுக்கு நேரே கொண்டுவாருங்கள். இப்போது எடையையும் வளையத்தையும் சேர்த்தே திருகி, கார்ட்ரிட்ஜ் கேட்கும் எண்ணில் நிறுத்துங்கள், ஏ.டி-வி.எம்.95இக்கு அது 2. ஆன்டி-ஸ்கேட் திருகையும் அதே எண்ணில் வையுங்கள். சுழலும் தட்டு ஊசியை நடுவை நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பை ஈடுகட்டவே இந்தத் திருகு. அழுத்தம் குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று எண்ணி 1.5இல் வைப்பவர்கள் உண்டு. அது தவறு, லேசாக நிற்கும் ஊசி பள்ளத்தில் துள்ளி, சுவர்களை அடித்துச் சேதப்படுத்துகிறது. நிறுவனம் சொல்லும் எண்ணையே பின்பற்றுங்கள்.

சிவப்பு வெள்ளை ஆர்.சி.ஏ. கம்பிகளோடு ஒரு மெல்லிய எர்த் வயர் வந்தால் அதை ஆம்ப்ளிஃபையரிலோ ப்ரீஆம்பிலோ உள்ள திருகில் மாட்டுங்கள். பாட்டு இல்லாதபோது ஓயாத முனகல் கேட்பதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு வயர்தான் காரணமாக இருக்கும்.

வேகத்தைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தட்டின் லேபிளில் சிறு காகிதத்துண்டு ஒன்றை வைத்து, ஊசியைப் பள்ளத்தில் இறக்கி, கைபேசிக் கடிகாரத்தில் மூன்று நிமிடம் எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் சரியாக 100 சுற்றும் 45 வேகத்தில் 135 சுற்றும் வர வேண்டும். ஒன்றிரண்டு சுற்றுக் கூடினாலோ குறைந்தாலோ பல கருவிகளில் அடியில் அல்லது மேற்பரப்பில் உள்ள சிறு திருகால் சரிசெய்யலாம்.

பிறகு பாட்டின் ஒலியைச் சோதிக்க, பக்கத்தின் முதல் பாட்டை அல்ல, கடைசிப் பாட்டைக் கேளுங்கள். எல்.பி.யின் வெளிவிளிம்பில் ஊசிக்கடியில் ஒரு வினாடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடுகிறது. நடுவை நெருங்கும்போது அது இருபது சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். அதே ஒலி குறுகிய இடத்தில் நெருக்கப்படுவதால், ஊசியின் குறையும் பொருத்தலின் குறையும் அங்கேதான் வெளிப்படும். பாடகரின் ‘ச’வும் ‘ஸ’வும் கொதிக்கும் எண்ணெய்போலச் சீறினால் கார்ட்ரிட்ஜின் கோணத்தையும் அழுத்தத்தையும் மறுபடி பாருங்கள். புதுத் தட்டிலும் எல்லாம் சரியாக இருந்தும் சீறல் சற்றே மிஞ்சினால், அது கூம்பு ஊசியின் எல்லை. நீள்வட்ட முனை கொண்ட ஊசி அதைக் குறைக்கும்.

தட்டும் ஊசியும் நீடிக்க

ஒவ்வொரு முறை போடும்போதும் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷைச் சுழலும் தட்டின்மேல் இரண்டு சுற்றுக்கு லேசாகப் பிடித்து, தூசியை ஓரத்துக்கு இழுத்து எடுங்கள். மின்விசிறி ஓடும் வீட்டில் இது தவிர்க்க முடியாத வேலை. பழைய கடையில் வாங்கிய அழுக்குத் தட்டுகளை, லேபிள் நனையாமல், டிஸ்டில்டு வாட்டரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்புக் கரைசலும் சேர்த்துப் பள்ளத்தின் போக்கிலேயே மென்துணியால் கழுவி, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிழலில் உலரவிடுங்கள். குழாய்த் தண்ணீரின் உப்பு பள்ளத்தில் படிந்துவிடும். ஆல்கஹால் கலந்த திரவம் எதையும் 78 தட்டில் படவிடாதீர்கள்; அரக்கு அதில் கரையும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவந்த எல்.பி. அப்பளம்போல வளைந்துவிடும், நிமிர்த்த முடியாது. மழைக்காலத்தில் உறைகளில் பூஞ்சை பிடிக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

ஊசியின் ஆயுளாக ஆடியோ-டெக்னிக்கா சொல்லும் கணக்கு, கூம்பு முனைக்கு 500 மணி நேரம், நீள்வட்ட முனைக்கு 300, மைக்ரோலீனியருக்கு 1,000. நாளுக்கு ஒரு எல்.பி. கேட்பவருக்கு நீள்வட்ட ஊசி ஓராண்டுக்குச் சற்று மேல் வரும். தேய்ந்த முனை கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும்போது சில தட்டுகள் ஏற்கெனவே கெட்டிருக்கும். எனவே மாற்று ஊசியைக் கருவியோடு சேர்த்தே வாங்கி வைத்துக்கொண்டு, இப்போது ஓடும் ஊசியைப் பொருத்திய தேதியை ஒரு சிறு ஸ்டிக்கரில் எழுதிக் கருவியின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள்.